600 ரூபாய் தெரபி மாதம் 34,500 ரூபாய் ஆவது எப்படி? மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைச் செலவுகள், ஓர் எளிய அறிமுகம்

குழந்தைக்கு ஆட்டிசம் என்றோ, அப்பாவுக்குப் பக்கவாதம் என்றோ டாக்டர் சொல்லி முடித்த பிறகு வீட்டில் எல்லோரும் முதலில் விசாரிப்பது, "ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குகிறார்கள்?" என்பதைத்தான். பதிலும் உடனே கிடைத்துவிடும். 500, 600, நல்ல பெயர் எடுத்த இடமென்றால் 1,000. கேட்டதும் சமாளித்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆறு மாதம் கழித்து, நகை அடகுக்குப் போன பிறகுதான், கேட்ட கேள்வி போதவில்லை என்பது புரியும்.

சென்னை பெரம்பூரில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு வயதுப் பையன். வாரத்துக்கு மூன்று ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சி), இரண்டு பேச்சுப் பயிற்சி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மையம் அண்ணா நகரில். ஒரு அமர்வுக்கு 600 ரூபாய் என்றால் வாரம் 3,000, மாதம் 13,000. ஆட்டோவுக்குப் போக வர 300 ரூபாய், வாரத்தில் ஐந்து நாள் என்றால் மாதம் 6,500. பகல் பதினொரு மணிக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும் என்பதால், 15,000 ரூபாய் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த அம்மா வேலையை விட்டுவிடுகிறார். கூட்டிப் பாருங்கள், 34,500 ரூபாய். இதில் மையத்துக்குப் போய்ச் சேருவது பாதிகூட இல்லை.

இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகைகள். உங்கள் ஏரியாவில் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனால் கணக்கு போடும் விதம் எங்கேயும் இதுதான்: ஒரு தடவைக்கான கட்டணம், எத்தனை தடவை, போய் வரும் செலவு, வீட்டில் ஒருவர் இழக்கும் சம்பளம். கடைசி இரண்டையும் யாரும் எழுதிவைப்பதில்லை. அம்மா வேலையை விட்டதை ஒரு செலவாகவே பல வீடுகளில் நினைப்பதில்லை, அது அவருடைய கடமை என்று விட்டுவிடுகிறார்கள். எழுதுங்கள். எழுதிப் பார்த்தால்தான் எங்கே குறைக்கலாம் என்பது கண்ணுக்குத் தெரியும். மேலே சொன்ன ஐந்து அமர்வுகளையும் மூன்று நாளில் அடக்கித் தர முடியுமா என்று மையத்தில் கேட்டால், ஆட்டோச் செலவு 3,900 ஆகிவிடும். மாதம் 2,600 மிச்சம், அதோடு வாரத்தில் இரண்டு முழுநாள் அம்மாவுக்குக் கிடைக்கும். அடுத்தடுத்து இரண்டு அமர்வு உட்கார்ந்தால் குழந்தை சோர்ந்துபோகுமா என்பதைத் தெரபிஸ்டிடம் கேட்டு முடிவு செய்தால் போதும்.

யாருடைய நேரம், எவ்வளவு நேரம்

இந்தத் துறையில் பெரும்பாலும் நாம் காசு கொடுத்து வாங்குவது இன்னொரு மனிதரின் நேரத்தை. படித்துப் பயிற்சி பெற்றவரின் நேரம் விலை கூடுதல், ஆனால் வாரத்துக்குச் சில மணி நேரமே தேவைப்படும். உடனிருந்து பார்த்துக்கொள்பவரின் நேரம் விலை குறைவு, ஆனால் நாள் முழுக்கத் தேவைப்படும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், எந்த ரசீதைப் பார்த்தாலும் பணம் எங்கே போகிறது என்பது விளங்கும்.

தெரபிஸ்டின் 45 நிமிடத்தில் மிகவும் மதிப்புள்ளது கடைசிப் பத்து நிமிடம். "இன்றைக்கு என்ன செய்தீர்கள், அதை நான் வீட்டில் எப்படிச் செய்வது?" என்று கேட்டு, அவர் கண்முன்னாலேயே ஒருமுறை செய்து காட்ட வேண்டும். கரண்டியை எந்தக் கோணத்தில் பிடிக்க வைப்பது, வார்த்தை வருவதற்கு எத்தனை விநாடி பொறுமையாகக் காத்திருப்பது, காலை நீட்டும்போது முட்டிக்குக் கீழே கையை எங்கே வைப்பது என்பதெல்லாம் பார்த்துச் செய்தால்தான் வரும். வாரத்தில் ஐந்து அமர்வு என்பது நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. மீதி நேரமெல்லாம் குழந்தை வீட்டில்தான் இருக்கிறது. பெற்றோரை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, என்ன நடந்தது என்று சொல்லாத மையத்தில் எவ்வளவு குறைந்த கட்டணம் கொடுத்தாலும் அது அதிகம்தான் என்பது என் கருத்து.

சிறப்பு ஆசிரியர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் இந்திய மறுவாழ்வுக் கழகமான ஆர்.சி.ஐ.-இல் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை. முறையாகப் படித்தவர்கள் சங்கடப்படாமல் சொல்வார்கள்.

மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று சில இடங்களில் சொல்வார்கள். கட்டுவதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, நவம்பர் மழையில் தெருவில் தண்ணீர் நின்றாலோ, போகாத அமர்வுக்கு மாற்று நாள் உண்டா, அல்லது பணம் போனது போனதுதானா? இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆட்டிசத்தை ஸ்டெம் செல் சிகிச்சையால் சரிசெய்கிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. தவித்துக்கொண்டிருக்கும் பெற்றோரிடம் நம்பிக்கையை விற்று வாங்கும் பணம் அது. தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

அடுத்தது உடனிருந்து பார்த்துக்கொள்கிறவர். முதுகுத் தண்டுவடம் அடிபட்டவர், கடுமையான மூளை முடக்குவாதம் உள்ளவர், பக்கவாதத்தில் படுத்துவிட்டவர் இருக்கும் வீடுகளில் எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு இதுதான். ஏஜென்சியில் கேட்டால் 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று இரண்டு கணக்கு சொல்வார்கள். ஒரு நாளைக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 12 மணி நேரத்துக்கு மாதம் 24,000. 24 மணி நேரத்துக்கு இதைப்போல இரண்டு மடங்கு கேட்பதில்லை, கொஞ்சம்தான் கூட்டிக் கேட்பார்கள். லாபமாகத் தெரியும். ஆனால் தங்கிப் பார்த்துக்கொள்ளும் அந்த அக்காவும் தூங்கத்தானே வேண்டும்? நோயாளியை இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டுமென்றால் ஒரே ஆளால் பகலும் இரவும் தாக்குப்பிடிக்க முடியாது. அப்போது இரண்டு ஆள் வேண்டும், அல்லது இரவை வீட்டில் யாராவது ஏற்க வேண்டும். "இரவில் எத்தனை முறை எழ வேண்டியிருக்கும்?" என்ற கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லிவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

ஏஜென்சிக்குக் கொடுக்கும் தொகை முழுவதும் வேலை செய்பவர் கைக்குப் போவதில்லை. பதிவுக் கட்டணம், முன்பணம், ஏஜென்சியின் பங்கு எல்லாம் உண்டு. அவருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தொகை மிகவும் குறைவாக இருந்தால் இரண்டு மாதத்தில் அவர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவார், நீங்கள் மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். வாரம் ஒரு நாள் விடுமுறை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போவது, அந்த நாட்களில் மாற்று ஆள் யார், அவருக்குச் சாப்பாடு நம் வீட்டிலா என்பதையெல்லாம் முதல் நாளே பேசிவிட வேண்டும். மல ஜலம் எடுக்கிற, உடம்பு துடைக்கிற வேலை. அதில் பேரம் பேசி 1,000 ரூபாய் குறைப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

பொருள்கள்: எதில் சிக்கனம், எதில் கூடாது

சக்கர நாற்காலி வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வீட்டுக் குளியலறைக் கதவு. சென்னை ஃபிளாட்களில் அது பல இடங்களில் இரண்டரை அடிதான், பழைய வீடுகளில் இரண்டடியே இருக்கும். சாதாரண மடக்கு நாற்காலி கைவளையத்தோடு சேர்த்து இரண்டடிக்கு மேலேயே அகலம் வரும். கடையில் உட்கார்ந்து பார்த்துப் பிடித்துப்போய் வாங்கிவந்து, கதவருகே நின்றுபோய், கடைசியில் அண்ணனும் தம்பியும் தூக்கிக்கொண்டு போகிற வீடுகள் நிறைய. டேப் எடுத்து மூன்று அளவு குறித்துக்கொண்டு போங்கள்: கதவு நிலையின் உள்ளகலம், உட்காருபவரின் இடுப்பகலம், முழங்காலின் பின்மடிப்பிலிருந்து குதிகால் வரை உள்ள நீளம். இருக்கை இடுப்பைவிட ஓரிரு அங்குலம்தான் கூடுதலாக இருக்க வேண்டும். அதிகமானால் உடம்பு ஒருபக்கம் சாயும். பாதப்பலகை தாழ்ந்திருந்தால் கால் தொங்கும், உயர்ந்திருந்தால் பாரம் முழுக்கப் புட்டத்தில் இறங்கிப் புண் வரும்.

விலையைப் பொறுத்தவரை, எல்லோருக்கும் ஒரே அளவாகச் செய்த இரும்பு மடக்கு நாற்காலி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்துவிடும். உடம்பளவுக்குச் செய்ததற்கு அதைப்போலப் பல மடங்கு ஆகும். ஐ.ஐ.டி. மெட்ராஸில் உருவான நியோஃபிளை நாற்காலி அறிமுகமானபோது 39,900 ரூபாய். அதோடு மாட்டிக்கொண்டு சாலையில் ஸ்கூட்டர் மாதிரி ஓட்டிப் போகும் நியோபோல்ட் 55,000. ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும் நாற்காலி தேவைப்படும் பாட்டிக்கு மடக்கு நாற்காலியே போதும். நாளெல்லாம் அதில் உட்கார்ந்து வேலைக்குப் போகிற இளைஞருக்கு அது போதாது. தோள் தேய்ந்து வலிக்க ஆரம்பித்தால் சம்பாத்தியமே நின்றுவிடும். வாங்குவதற்கு முன் பலவகைச் சாதனங்களையும் நேரில் பார்க்க, காமராஜர் சாலையில் மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர் அலுவலக வளாகத்தில் மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ் இருக்கிறது. மெரினாவுக்கு எதிரேதான். மாதிரிக்காக ஒரு வீடே அமைத்து வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

சிக்கனமே கூடாத ஒரு பொருள் உண்டு. உணர்ச்சி இல்லாத உடம்புக்கான மெத்தையும் நாற்காலிக் குஷனும்தான் அது. காற்று மாறி மாறி ஏறி இறங்கும் ஏர் பெட் சில ஆயிரம் ரூபாய்தான். அதை வாங்காமல் விட்டுப் படுக்கைப் புண் வந்துவிட்டால் மாதக்கணக்கில் கட்டு மாற்ற வேண்டும், ஆழமாகிவிட்டால் அறுவை சிகிச்சைவரை போகும். அதற்கு ஆகும் செலவில் பத்து மெத்தை வாங்கலாம்.

டயப்பர், கையுறை, சிறுநீர்க் குழாய், பை போன்றவை ஒவ்வொன்றும் சின்னத் தொகை. ஒரு டயப்பர் 40 ரூபாய் என்று வைத்தால், ஒரு நாளைக்கு மூன்று, மாதம் 3,600. மொத்தக் கடையில் பெட்டியாக வாங்கினால் கணிசமாகக் குறையும்.

அரசுப் பக்கம் என்ன கிடைக்கிறது

இதுவரை சொன்னவற்றில் பலவற்றைச் செலவில்லாமலோ குறைந்த செலவிலோ பெற முடியும். அதற்கான சாவி மாற்றுத்திறனாளி சான்றிதழும், யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும். இதற்குக் கட்டணம் கிடையாது. இணையத்தில் விண்ணப்பித்தால், அரசு மருத்துவமனையில் மருத்துவர்கள் பார்த்து, பாதிப்பு எத்தனை சதவீதம் என்று எழுதித் தருவார்கள். 2016-ஆம் ஆண்டு சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் பட்டியலில் உள்ளன. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, ரத்த ஒழுக்கு நோய், பார்க்கின்சன் எல்லாம் அதில் உண்டு. "நம்ம பையன் நடக்கிறானே, அவனுக்கு எதற்கு?" என்று தயங்குகிறவர்கள் அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பெயர் கெட்டுவிடும் என்று சான்றிதழைத் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு வருஷமும் பணமாகவே போகிறது.

சதவீதத்தில் மூன்று எண்களை நினைவில் வையுங்கள். 40: குறைந்தது இவ்வளவு இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். 75: கடுமையான பாதிப்பு என்ற பிரிவில் தமிழக அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகைக்கு. 80: வருமான வரியில் கூடுதல் கழிவுக்கு. அறிவுசார் குறைபாடு போன்ற சிலவற்றுக்கு உதவித்தொகைக்கு 40 சதவீதமே போதும். இந்தப் பராமரிப்பு உதவித்தொகை 1,500-லிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. அதிக உதவி தேவைப்படுகிறவரை உடனிருந்து பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 1,000 ரூபாய் தனியாகக் கொடுக்கும் திட்டமும் இருக்கிறது. இந்தத் தொகைகளை வைத்து ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்பது உண்மை. டயப்பர் செலவுக்குக்கூட ஈடாகாத மாதங்கள் உண்டு. அப்படியும் வாங்காமல் விடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

தெரபிக்கு வருவோம். முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனமான என்.ஐ.இ.பி.எம்.டி. இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கென்றே 2005-இல் தொடங்கியது, தனியார் மையங்களோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. வடசென்னையிலிருந்து தினமும் போய் வருவது நடக்காது. ஆனால் முதல் மதிப்பீட்டை அங்கே செய்துகொண்டு, பயிற்சித் திட்டத்தை எழுதி வாங்கிக்கொண்டு, வாராந்திர அமர்வை வீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் சோழிங்கநல்லூரில் விழுதுகள் சேவை மையம் திறந்திருக்கிறார்கள், இயன்முறைச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ். செயற்கைக் கால், பலமில்லாத காலைத் தாங்கும் காலிப்பர் போன்றவற்றுக்கு கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனை. படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்கள் பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ சேரலாம். சாதனங்களுக்கு மத்திய அரசின் அடிப் திட்டம்: மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் முழுக்க இலவசம், 30,000 வரை பாதி விலை.

அரசு இடங்களில் காத்திருப்பு உண்டு, வாரம் ஐந்து அமர்வு கிடைப்பது அரிது. அதனால் பலரும் செய்வது கலவைதான்: வாரத்துக்கு இரண்டு அமர்வு அரசு மையத்தில், இரண்டு தனியாரில், மீதி வீட்டில். போக வர மாநகரப் பேருந்தின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. ஏறுவதற்குத் தாழ்தளப் பேருந்துகளும் 2024-லிருந்து ஓடுகின்றன. மேலே போட்ட கணக்கில் 6,500 ரூபாய் ஆட்டோவுக்குப் போனதை மறந்துவிடாதீர்கள்.

வரியும் காப்பீடும்

வருமான வரி கட்டுகிறவர்களுக்கு 80டிடி என்ற பிரிவு பலருக்கும் தெரிந்திருக்கும். மாற்றுத்திறனாளியைச் சார்ந்தவராக வைத்துப் பராமரிக்கிறவர் 75,000 ரூபாயும், பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். எவ்வளவு செலவு செய்தீர்களோ அவ்வளவுதான் என்ற கணக்கு இல்லை, தொகை நிலையானது. 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு 75,000 கழிந்தால் செஸ்ஸோடு சேர்த்து வருஷம் 15,600 மிச்சமாகும். ஒரே நிபந்தனை, இது பழைய வரி முறையில்தான் உண்டு. புதிய முறைக்கு மாறுவதற்கு முன்னால் ஆடிட்டரிடம் இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

காப்பீட்டில் முக்கியமானது நிராமயா. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் மத்திய அரசின் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் தரும் திட்டம், வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சேர்க்கைக் கட்டணம் 250, மற்றவர்களுக்கு 500. மருத்துவப் பரிசோதனை எதுவும் கேட்பதில்லை. வழக்கமான பாலிசிகள் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றால்தான் பணம் தருகின்றன. இது தொடர் தெரபிக்கும் ஒரு வரம்புவரை தருகிறது. ரசீதுகளைத் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். காது கேளாத சின்னக் குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்துவது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே வருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். குழந்தையின் வயதுக்கும் வரம்பு உண்டு என்பதால் தள்ளிப்போடவே கூடாது.

கடைசியாக, பெற்றோர் மனசில் வைத்துக்கொண்டு வெளியே பேசாத செலவு: நமக்கப்புறம் யார் பார்ப்பார்கள்? தங்கிப் பராமரிக்கும் இல்லங்களில் பெரிய முன்பணமும் மாதக் கட்டணமும் கேட்பார்கள். முன்பணம் திரும்பி வருமா, மருத்துவச் செலவு அதில் சேருமா, கட்டணம் வருஷத்துக்கு எவ்வளவு ஏறும் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். சொல்லாமல் ஒரு மாலை நேரத்தில் போய்ப் பார்க்கவும் வேண்டும். 18 வயதான பிறகு அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குப் பணத்தையும் சொத்தையும் கவனிக்கச் சட்டப்படி பாதுகாவலர் தேவைப்படலாம். நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் வரும் நான்கு குறைபாடுகளுக்கும் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவே நியமித்துத் தரும், கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். அப்பாவோ அம்மாவோ அரசுப் பணியில் இருந்தவர் என்றால், சொந்தமாகச் சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் வர வழியிருக்கிறது. அதற்குப் பிள்ளையின் பெயரையும் சான்றிதழையும் ஓய்வூதிய ஆவணத்தில் பெற்றோர் தாங்கள் உயிரோடு இருக்கும்போதே சேர்த்துவிடுவது நல்லது. பின்னால் அண்ணனோ அக்காவோ அலுவலகம் அலுவலகமாக அலைந்து அதே வேலையைச் செய்ய மாதக்கணக்கில் ஆகிவிடும்.